செஞ்சி தபால் ஆபீசில் வாசித்த நாற்பது வரிகள்

1969-ஆம் வருஷம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. செஞ்சி தபால் ஆபீசில், சென்னைக்குப் பேச ஒரு டிரங்க் காலுக்காக நானும் என் நைனாவும் காத்திருந்தோம். அன்றைக்கு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பிரிவில் ப்ரோக்ராம் எழுதும் வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் பெண் நான்தான். தொண்டூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிடுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு புதிய கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு பெரிய அறை முழுக்க அலமாரி அலமாரியாக நிற்கும். அதை ஆளுகிற மூல ப்ரோக்ராம் வெளிநாட்டிலிருந்து டேப்பில் வந்தது. இப்போதுள்ள பிள்ளைகள் கெர்னல் என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். வந்தபடியே அதை ஓட்டிவிட முடியாது. ‘எங்கள் இயந்திரத்தில் நினைவகம் இவ்வளவு, அட்டை படிக்கும் கருவி ஒன்று, பிரின்டர் ஒன்று, டேப் நான்கு, ஒவ்வொன்றுக்கும் எண் இது’ என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து நம் இயந்திரத்துக்கென்றே ஒரு மூல ப்ரோக்ராமை அது உருவாக்கிக் கொடுக்கும். அப்படி உருவாக முழுதாக ஒரு பகல் பிடிக்கும். எழுதிக் கொடுப்பதில் தப்பு இருந்தால் சொல்லாது. கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

அந்தப் பட்டியலை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. இயந்திரத்தைப் பொருத்திய இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும் முன், அவர் பின்னாலேயே நடந்து, அலமாரி அலமாரியாக எண்களைப் பென்சிலால் நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு அதைக் கட்டம் போட்ட தாளில், கோடிங் ஷீட் என்போம், மையால் அழகாக எழுதினேன். மொத்தம் நாற்பது வரி. அதைப் பார்த்து ஒரு பஞ்ச் ஆபரேட்டர் அட்டைகளில் துளையிட்டாள். ராயபுரத்திலிருந்து வரும் பெண், என்னைவிட ஓரிரு வயது சின்னவள். மாதத்துக்கு மாதம் நீட்டிக்கிற தற்காலிக வேலை அவளுக்கு.

அட்டைகளை ஒப்படைத்துவிட்டு நான் லீவில் ஊருக்கு வந்தேன். அண்ணன் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். கிளம்பும்போது கோடிங் ஷீட்டையும் நோட்டையும் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஆபீஸில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். என் வேலையில் இன்னொருத்தர் கைவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

சனிக்கிழமை காலை தந்தி வந்தது. எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவுதான். சைக்கிளை விட்டு இறங்கியவரைப் பார்த்ததுமே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பிரித்துப் படித்தேன். ‘இயந்திரம் வேலை செய்யவில்லை. உடனே டெலிபோன் செய்யவும்.’

“யாரு போயிட்டாங்க?” என்று கேட்டார் நைனா.

“யாரும் போகல நைனா. மிஷின் நின்னுடுச்சாம்.”

“மிஷினுக்கா தந்தி குடுக்கறாங்க?” என்றவர், மேலே எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

பஸ் பிடித்துச் செஞ்சி வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். வெயிலில் ராஜகிரி மலை வெளுத்துப்போய் நின்றது. தபால் ஆபீசில் மணியார்டர் வரிசையும் ஸ்டாம்பு வரிசையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு மரத் தடுப்பு. அதற்குப் பின்னால்தான் ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். தலையில் மாட்டிய கருவியும் மார்பில் தொங்கும் பேசு குழாயுமாக ஆபரேட்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் கனமாக இருந்தது.

சென்னைக்கு அர்ஜென்ட் கால் பதிந்தோம். திண்டிவனம் வழியாகப் போகவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. தடுப்புக்கு வெளியே சுவரில் இருந்த டெலிபோனில் பேசினேன். மறுமுனையில் எங்கள் பிரிவின் தலைவர். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இயந்திரம் அப்படியே நின்றுவிடுகிறதாம். ஏனென்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். தப்பு இன்றைக்கே தெரிந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டி மறுபடி உருவாக்க முடியும்.

“ஷீட்டை எங்கம்மா வச்சிருக்கீங்க?”

“என்கிட்ட இருக்கு சார்.”

“சரியாத்தான் எழுதினீங்களா?”

“ரெண்டு தடவை சரிபார்த்தேன் சார். பஞ்ச் பண்ணதுலதான் தப்பு இருக்கணும்.”

உண்மையில் நான் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிப்பதற்குள் ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விட்டது.

நாற்பது வரியையும் நான் வாசிக்க, அங்கே ஒருவர் அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. மறுபடியும் பதிந்தோம். நைனா சுவரோரம் கிடந்த பெஞ்சில் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கால் கிடைத்தபோது லைனில் ஒரே இரைச்சல். முதல் வரியை நான் நான்கு தடவை கத்தியும் சென்னைக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபரேட்டர் தடுப்புக் கதவைத் திறந்தார். “உள்ள வந்து நின்னு சொல்லும்மா. நான் அவங்களுக்குச் சொல்றேன். எங்க குரலுக்கு லைன் பழக்கம்.”

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். நான் ஒரு வரி சொல்வேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, ‘ஒன், எய்ட், ஜீரோ’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அங்கிருந்து ‘சரி’ என்று வரும். தலையை ஆட்டுவார். நான் அடுத்த வரிக்குப் போவேன். என்ன ஏது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவே எதிரிலிருந்த ஸ்விட்ச் போர்டில் வேறு யாராவது கூப்பிட்டால், ஒரு கையால் அதைக் கவனித்துக்கொண்டே இந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. திண்டிவனத்து ஆபரேட்டரிடம் ஏதோ கெஞ்சுவது கேட்டது.

இருபத்தேழாவது வரி. நான்காவது டேப்புக்கானது. “ஒன்று, எட்டு, இரண்டு” என்றேன்.

அவர் சொல்லவில்லை. பேசு குழாயைக் கையால் மூடிக்கொண்டு, “அந்த நம்பரு முன்னாடியே போயிடுச்சேம்மா” என்றார்.

“அது மூணாவது டேப்புக்கு. இது வேற. நீங்க சொல்லுங்க.” என் குரலில் இருந்த எரிச்சல் எனக்கே கேட்டது.

“வேறன்னா ஒரே நம்பரு எப்டி? எங்க போர்டுல அரிசி மில்லுக்கும் டாக்டர் ஊட்டுக்கும் ஒரே நம்பரு குடுத்தா, யாரக் கூப்டா யாரு எடுப்பாங்கன்னே தெரியாதே.”

அவர் வாதம் செய்யவில்லை. தெரியாமல்தான் கேட்டார். செஞ்சியில் அன்றைக்கு இருந்த அத்தனை டெலிபோனும் அவருக்கு எண்ணாகத்தான் தெரியும். காதில் விழும் எண் அவருக்கு மறக்காது.

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். இன்ஜினியருக்குப் பின்னால் நடந்துகொண்டே நான் பென்சிலில் குறித்திருந்தது 183. மையால் அழகாகப் பிரதி எடுத்தபோது 182 என்று எழுதியிருந்தேன். நான்காவது டேப்புக்கு மூன்றாவது டேப்பின் எண்ணைக் கொடுத்திருந்தேன். இயந்திரம் நிற்காமல் என்ன செய்யும்?

“மெட்ராஸ் காத்துனு இருக்குது. இன்னா சொல்லட்டும்?” என்றார்.

“ஒன்று, எட்டு, மூன்று” என்றேன்.

அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். பிறகு அப்படியே சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “கார்டுல ஒன் எய்ட் டூன்னு இருக்குதாம்” என்றார்.

நான் அடுத்த வரியை வாசித்தேன். அதற்கடுத்ததையும் வாசித்தேன். நாற்பதாவது வரிவரை என் வாய் வாசித்துக்கொண்டிருந்தது. மனசு வேறு கணக்குப் போட்டது. ஷீட் என் கையில் இருக்கிறது. இதை யாரும் பார்க்கவில்லை. பேனாவும் இருக்கிறது. 2-ஐ 3 ஆக்க ஒரு சின்னச் சுழி போதும். பயிற்சிக் காலம் முடிய இன்னும் நான்கு மாதம். ‘பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான்’ என்று சொல்வதற்கென்றே எங்கள் பிரிவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். தப்பு கிடைத்துவிட்டது, இயந்திரம் ஓடப்போகிறது. அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாற்பதாவது வரி முடிந்ததும் எங்கள் தலைவர் லைனுக்கு வந்தார். ஆபரேட்டர் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார். “உங்க ஷீட்டு சரியா இருக்குதாம். பஞ்ச்சுலதான் தப்பாம். நல்லா செஞ்சீங்கன்னு சொல்றாரு.” பிறகு, எண்களைச் சொன்ன அதே குரலில், “அந்த பஞ்ச் பண்ண பொண்ண திங்கக்கெழமலேருந்து வர வேணாம்னு சொல்லிடறாராம்.”

அவ்வளவுதான். கால் முடிந்துவிட்டது. இனி அவர் போர்டிலிருந்து வயரை உருவவேண்டும். உருவவில்லை. போர்டில் இரண்டு இடத்தில் யாரோ கூப்பிடும் அடையாளம் விழுந்து கிடந்தது. அதையும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், வயரின் மேல் கைவைத்தபடி, “வேற எதனா சொல்லணுமாம்மா? லைன் இருக்குது” என்றார்.

அவருக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் முதலில் சொன்ன எண்ணும் பிறகு மாற்றிச் சொன்ன எண்ணும் அவர் காதில் விழுந்திருந்தன. அவர் மட்டும் அங்கே இல்லையென்றால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். என் மனசாட்சி தானாக விழித்துக்கொண்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால், எனக்குத் தெரிந்தது இன்னொரு மனுஷருக்கும் தெரியும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நானே பேசறேன்” என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்த ரிசீவரை எடுத்துக் கொடுத்தார். கடல் இரைச்சல் மாதிரி லைன்.

“சார், தப்பு என்னுது. பஞ்ச் பண்ணது சரி. ஷீட்டுல நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“ஹலோ? கேக்கலம்மா. யாரோட தப்பு?”

இன்னும் சத்தமாகச் சொன்னேன். “ஹலோ, ஹலோ” என்றார். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். “என்னோட தப்பு சார். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, வேலைய விட்டு எடுத்துடாதீங்க. நான்தான் தப்பா எழுதினேன்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் மணியார்டர் வரிசை அடங்கிப்போனது. ஸ்டாம்பு விற்பவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நைனா விசிறிக்கொண்டிருந்த துண்டு நின்றது. தபால் ஆபீசில் இருந்தவர்களில் பாதிக்குமேல் எங்களைத் தெரிந்தவர்கள். படித்து மெட்ராஸில் பெரிய வேலை பார்க்கும் பெண் என்று நைனாவிடம் என்னைப் பற்றி விசாரிப்பவர்கள்.

மறுமுனையிலிருந்து தலைவர், “சரி. கார்டை மாத்திடறோம். அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் சொல்லல” என்றார். லைன் போய்விட்டது.

ஆபரேட்டர் வயரை உருவிவிட்டுக் கட்டணச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, “நம்பரோட இருக்கறவங்களுக்கு வர்றதுதாம்மா. போன வாரம் தாசில்தாருக்கு வந்த காலை நான் சைக்கிள் கடைக்குக் குடுத்துட்டேன். ரெண்டு நிமிஷம் பேசியிருக்காங்க, அப்புறம்தான் தெரிஞ்சுது” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

திரும்பும் பஸ்ஸில் நைனா வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பத்துப் பேர் முன்னால் மகள் தன் தப்பைக் கத்திச் சொன்னது அவருக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று நினைத்து நான் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஊர் நெருங்கும்போது கேட்டார்.

“அந்தப் பொண்ணுக்கு வேல இருக்குதா?”

“இருக்குது நைனா.”

“அப்ப சரி” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபோது பங்குச் சாமியார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேனே தவிர, நினைப்பு முழுக்கச் சென்னையில்தான். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு டேப்பும் தத்தம் எண்ணுக்குச் சுற்றின. டெல்லிக்காரர்கள் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனார்கள். எங்கள் தலைவர் என்னைத் திட்டவில்லை. பயிற்சிக் காலத்தை மட்டும் ஆறு மாதம் நீட்டினார். அடுத்த பட்டியலை வேறொருவரிடம் கொடுத்தார். வலித்தது. ஆனால் அநியாயம் என்று சொல்ல முடியாது.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பிலேயே நான் காலத்தை ஓட்டியிருப்பேன். அன்று சாயங்காலம் அந்தப் பஞ்ச் ஆபரேட்டரைத் தேடிப் போனேன். நடந்ததில் எதையும் மறைக்காமல், முதலில் பழியை அவள் மேல் போட்டது உட்படச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் பஞ்ச் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த நம்பரு ரெண்டு தபா வந்துச்சே, குத்தறப்பவே பாத்தேன்கா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “பார்த்தியா? அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?”

அவள் தயங்கினாள். “கேக்கலாம்னுதான் எழுந்தேன். போன மாசம் ஒரு தபா டவுட்டு கேட்டேனே, ‘எழுதினத குத்து, யோசிக்கிறது உன் வேலையில்ல’ன்னு சொன்னீங்க. அதான் உக்காந்துட்டேன்.”

அப்படிச் சொன்னது எனக்கு நினைவுகூட இல்லை. சொல்லியிருப்பேன். அந்த நாளில் நான் பேசக்கூடிய பேச்சுதான் அது. என் பெயரே தெரியாத செஞ்சி ஆபரேட்டர் சந்தேகம் வந்ததும் உடனே கேட்டுவிட்டார். தினம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணால் பார்த்தும் கேட்கப் பயந்து உட்கார்ந்துவிட்டாள். 182 என்று எழுதியது கை செய்த பிழை. அதைத் திருத்த ஒரு அட்டை போதுமாக இருந்தது. அவளை உட்காரவைத்த பிழையை எந்த அட்டையை மாற்றித் திருத்துவது?

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அதே துறையில் இருந்தேன். எத்தனையோ இயந்திரங்களுக்குப் பட்டியல் எழுதினேன். என்னிடம் எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள். பட்டியல் முடிந்ததும் அதை அறையில் இருக்கிற யாராவது ஒருவரிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. ஆனால் எனக்கு முக்கியமானது அந்த வழக்கம் அல்ல. யாராவது என் மேஜை முன்னால் வந்து ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்பினால், அவர்களை நிறுத்தி உட்காரவைத்து, அவர்கள் பேசும்வரை நான் வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேனே, அதுதான்.